பித்தளை முகத்தின் உட்புறம்: துளுநாட்டு முகமூடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பதிவேட்டில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘காளி முகமூடி, பித்தளை, தென்னிந்தியா, 18-ஆம் நூற்றாண்டு.’ இதில் தெய்வத்தின் பெயர் ஊகம், காலம் ஊகம். ‘தென்னிந்தியா’ என்பது சரிதான், ஆனால் எதற்கும் பயன்படாது. ‘பித்தளை’ ஒன்றுதான் தேறும். அதையும் பாதிதான் நம்பலாம்.

இங்கே பேசப்படும் முகம் எந்த அருங்காட்சியகத்தின் குறிப்பிட்ட பொருளும் அல்ல. இந்த வகை முகங்கள் தொகுப்புகளில் எந்தெந்த நிலையில் கிடக்குமோ அவற்றை ஒரே முகத்தின் மேல் ஏற்றி, பரிசோதனை முதல் காட்சிப் பெட்டி வரை கொண்டுபோகும் மாதிரி நிகழ்வு இது. அளவுகளும் அப்படியே.

உயரம் 31 செ.மீ., அகலம் 27 செ.மீ., ஆழம் 14 செ.மீ., எடை 2.8 கிலோ. பிதுங்கிய அரைக்கோளக் கண்கள், கீழுதட்டைத் தாண்டித் தொங்கும் நாக்கு, இரு பக்கமும் கோரைப் பல், காதில் சுருண்ட நாகம், நெற்றிக்கு மேல் வரிசையாக நாகபடங்கள். படங்களில் இரண்டு முறிந்திருக்கின்றன. இடது கன்னத்தில் ஒரு விரிசல், அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஈயப்பற்று. முன்பக்கம் முழுவதும் மஞ்சளித்துப்போன வார்னிஷ். தாடையில் வெளிர்பச்சைப் பொடி. கோரிக்கை எளிமையானது: “பச்சையை எடுத்துவிட்டு, பளபளப்பாக்கிக் காட்சிக்குத் தாருங்கள்.”

கவசமா, முகமா?

உலோகத்தில் செய்த எல்லாத் தெய்வ முகமும் மனிதர் அணிவதற்கு அல்ல. மூன்று வகைகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் மோஹ்ரா என்னும் தெய்வ முகங்கள் பல்லக்கில் வைத்துத் தூக்கப்படுபவை. பெரும்பாலும் கழுத்தும் மார்பின் மேல்பகுதியும் சேர்ந்தே இருக்கும், பார்வைத் துளை இருக்காது. கர்நாடகம், மகாராஷ்டிரப் பகுதிகளில் லிங்கத்தின் மேல் பொருத்தும் முகங்கள் நம் ஊர்க் கவசம் போன்றவை. மீசை, நெற்றிக்கண் எல்லாம் இருந்தாலும் உட்புறம் லிங்கத்தின் வளைவுக்கு ஏற்றபடி இருக்கும். மூன்றாவது வகை துளுநாட்டுப் பூதகோலா என்னும் தெய்வ ஆட்டத்தில் ஆடுபவரோடு சேர்ந்து இயங்கும் முகம். துளுநாடு என்பது இன்றைய கர்நாடகத்தின் தென் கன்னட, உடுப்பி மாவட்டங்களும் கேரளத்தின் காசர்கோட்டின் வடபகுதியும். நலிகே, பம்பதா, பரவா சமூகத்தவர் தெய்வத்தை ஏற்று ஆடுகிறார்கள். முகத்தில் கட்டுவது, தலைக்கு மேல் பொருத்துவது, கையில் பிடித்து முகத்துக்கு நேரே காட்டுவது என்று பயன்பாடும் பலவகை. ஆகவே கண்ணில் துளை இல்லை என்பதற்காக ‘அணியாத முகம்’ என்று எழுதிவிடக் கூடாது.

எந்தத் தெய்வம் என்பது அடுத்த கேள்வி. விலங்கு முகமாக இருந்தால் ஓரளவு எளிது: தட்டையான மூக்கும் மேல்நோக்கி வளைந்த தந்தமும் பஞ்சுர்லி என்னும் பன்றித் தெய்வம், கொம்பிருந்தால் எருமை முகம் கொண்ட மைசந்தாயா, புலி முகமென்றால் பிலிச்சாமுண்டி. நாக்கும் கோரைப் பல்லும் உள்ள மனித முகத்தில்தான் தடுமாற்றம். ஆங்கில ஆட்சிக்காலத்துப் பதிவுகள் இவற்றைப் ‘பிசாசு முகமூடி’ என்று தள்ளிவிட்டன. பின்வந்தவர்கள் நாக்கைப் பார்த்ததும் ‘காளி’ என்று எழுதினார்கள். துளுநாட்டில் இந்தச் சாயலுக்கு முதலில் நினைக்க வேண்டிய பெயர் ஜுமாதி. தூமாவதி என்றும் சொல்வார்கள். ஆண் பாதி பெண் பாதியான தெய்வம். ஜுமாதி ஆட்டத்தில் முகத்தோடு பெண் மார்பு வார்த்த மார்க்கவசமும் சேர்ந்து வருவதுண்டு. இங்கே மார்க்கவசம் இல்லை, எந்தத் தெய்வத்தானத்திலிருந்து வந்தது என்ற ஆவணமும் இல்லை. அதனால் புதிய பதிவில் ‘ஜுமாதி எனக் கருதத்தக்கது’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

முதுகைத் திருப்பு

இத்தகைய பொருளில் முன்பக்கத்தை எல்லோரும் படமெடுத்திருப்பார்கள். உட்புறத்துக்கு ஒரு படம்கூட இருக்காது. வேலை தொடங்குவதோ அங்கேதான்.

உட்புறத்தில் முகத்தின் மேடுபள்ளம் அப்படியே எதிர்மறையாகத் தெரிந்து, தகடு எங்கும் ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே இருந்தால் அது தட்டுவேலை. இங்கே விளிம்பில் 2 மி.மீ., தாடையில் 4 மி.மீ.; மூக்கின் உள்பக்கம் வெளிவடிவத்தைப் பின்பற்றாமல் மழுங்கிக் கிடக்கிறது. மெழுகுத் தகட்டை மண் கருவின் மேல் ஒட்டிய தையல் கோடும் தெரிகிறது. மெழுகு வார்ப்புதான். எடையும் ஒத்துப்போகிறது: ஏறத்தாழ 1,200 சதுர செ.மீ. பரப்பு, சராசரி 2.7 மி.மீ. தடிமன், பித்தளையின் அடர்த்தி 8.5 என்று பெருக்கினால் 2.75 கிலோ வரும். காது நாகத்தின் பின்னே அந்தக் கருவின் சுட்ட மண் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுரண்டக் கூடாது. சுட்ட நாளிலிருந்து மண் வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கிடும் வெப்ப ஒளிர்வு முறையில் காலம் பார்க்க என்றாவது ஒருநாள் வாய்ப்பு வந்தால் கையில் இருக்கும் ஒரே மண் அதுதான். எக்ஸ்ரே படம் எடுத்தால் அந்த மண்ணில் கதிர்வீச்சுக் கணக்கு கூடிவிடும். ஆகவே மண் மாதிரியை முதலில் எடுத்து ஒதுக்கிவிட்டுத்தான் எக்ஸ்ரே.

விளிம்பைச் சுற்றி 11 துளைகள். ஒன்பது துளைகள் கயிறு அறுத்து நீள்வட்டமாகியிருக்கின்றன. தேய்மானம் பின்னும் மேலுமாகச் சாய்ந்திருக்கிறது. தலையணியோடு இழுத்துக் கட்டிய முகம் என்று இந்தச் சாய்வு சொல்கிறது. மீதி இரண்டும் உச்சியில், கச்சிதமான வட்டம், உள்பக்கம் பிசிறோடு. இவை துளையிடும் இயந்திரம் போட்டவை, யாரோ வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக. ஒரு முகத்தின் இரண்டு வாழ்க்கையும் பதினொரு துளைகளுக்குள் இருக்கிறது.

நெற்றியின் உட்புறத்தில் 4 செ.மீ. அகலத்துக்குக் கருமையான பிசுக்குப் பட்டை. அதில் பருத்தி இழைகள். துணிச் சும்மாடு அழுந்திய இடம். கன்ன உட்புறத்தில் அந்தப் பிசுக்கில் மஞ்சள் துகள்கள் கலந்திருக்கின்றன. இந்த மஞ்சள்தான் நிகழ்வின் திருப்பம். அதற்கு முன் உலோகத்தைப் பார்த்துவிடலாம்.

எக்ஸ்.ஆர்.எஃப் சொல்வதும் சொல்லாததும்

எக்ஸ்.ஆர்.எஃப் என்பது எக்ஸ்ரே பாய்ச்சி, ஒவ்வொரு தனிமமும் திருப்பி விடும் கதிரைத் தனிக் கோடாகக் காட்டும் கருவி. அதை நெற்றியில் வைத்து ஒரே ஒரு அளவு எடுத்து ‘துத்தநாகம் 24 சதவீதம்’ என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. கருவி பார்ப்பது மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்தைத்தான். புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து போயிருக்கும், செம்பு மிஞ்சும். பழைய பித்தளையில் மூக்கும் புருவமும் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். விளிம்பின் உள்பக்கம் மறைவான இடத்தில் 2 மி.மீ. அகலத்துக்குத் துரு நீக்கி அளந்தபோது துத்தநாகம் 29, ஈயம் 4, வெள்ளீயம் 1.5 சதவீதம், மீதி செம்பு. குறைந்தது ஐந்து இடங்களிலாவது அளக்க வேண்டும்: முன்பக்கம், விளிம்பு, நாக்கு, ஒட்டுப்போட்ட இடம், உட்புறப் பிசுக்கு.

29 சதவீதத்தை வைத்துக் காலம் சொல்லலாமா? ஐரோப்பியப் பித்தளைக்கு ஒரு வாதம் உண்டு: தாதுவோடு செம்பைச் சேர்த்துச் சுடும் பழைய முறையில் துத்தநாகம் சுமார் 28 சதவீதத்துக்கு மேல் ஏறுவது கடினம், ஆகவே அதற்கு மேலிருந்தால் பிற்காலம். இந்தியாவில் இந்த வாதம் நிற்காது. ராஜஸ்தானின் ஜாவரில் துத்தநாகத்தை வாலையில் வடித்து உலோகமாகவே எடுத்தார்கள், ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே. தவிர, துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். பழம்பித்தளையை உருக்கும் ஒவ்வொரு முறையும் வெண்புகையாகக் கொஞ்சம் போய்விடும். பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்த முகத்தில் எண்ணிக்கை எதையும் உறுதியாகச் சொல்லாது. ‘18-ஆம் நூற்றாண்டு’ பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வேறு நூற்றாண்டு எழுதப்படவில்லை.

இனி அந்த மஞ்சள். நடிப்புக்கு முகம் எழுதுவதை நாம் ‘அரிதாரம் பூசுதல்’ என்கிறோம். அரிதாரம் என்பது வெறும் ஒப்பனை அல்ல, ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். துளுநாட்டில் இதே பொருள் ‘அர்தளா’ என்ற பெயரில் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசப்படுகிறது. ஆட்டத்துக்கு முன் எண்ணெய் பெற்று, குளித்து, முகம் எழுதி, பிறகுதான் பித்தளை முகம் ஏறும். உட்புறத்து மஞ்சள் துகள் அந்த அரிதாரமாக இருந்தால், எழுதிய முகத்தின் மேல் இந்தப் பித்தளை உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று அது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்சனிக்கின் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழும், ஈயத்தினுடையது 10.55-இல். ஈயம் கலந்த பித்தளையில் கருவியின் தானியங்கிக் கணக்கு இரண்டையும் குழப்பி, இல்லாத ஆர்சனிக்கைக் காட்டும், இருப்பதை மறைக்கவும் செய்யும். 11.7 அருகே உள்ள ஆர்சனிக்கின் இரண்டாம் கோட்டைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கந்தகமும் கூடவே ஏறியிருக்கிறதா, மஞ்சள் இல்லாத உட்புறத்தில் ஆர்சனிக் மறைகிறதா என்பவை அடுத்த சோதனைகள். அது மறைவது முக்கியம்; மறையாமல் எங்கும் ஒரே அளவில் இருந்தால் அது பழைய தொகுப்புகளில் பூச்சிக்காகத் தூவிய ஆர்சனிக்காக இருக்கலாம். இங்கே கன்னங்களிலும் நெற்றியிலும் மட்டுமே இருந்தது. அன்றிலிருந்து இந்த முகத்தை நைட்ரைல் கையுறை இல்லாமல் யாரும் தொடுவதில்லை.

பச்சை என்றால் எந்தப் பச்சை?

ஒரே முகத்தில் மூன்று களிம்பு. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம்.

உட்புறத்தில் நீலம் கலந்த பளிச்சென்ற பச்சை, மெழுகு போல் மெத்தென்று இருக்கிறது. மூங்கில் குச்சியால் தொட்டால் சுருண்டு வரும், வெள்ளை ஸ்பிரிட்டில் கரையும். எண்ணெயின் கொழுப்பு அமிலமும் செம்பும் சேர்ந்த சோப்பு இது. மெதுவாக அரிக்கும், அவசரம் இல்லை. நாகபடங்களின் இடுக்கில் கெட்டியான கரும்பச்சை, நகத்தால் கீறினால் அசையாது. அது பொருளின் தோல், இருந்துவிட்டுப் போகட்டும். தாடையில் இருப்பது மூன்றாவது: வெளிர்பச்சை, மாவு போன்றது, துடைத்தால் போய் மறுபடி வரும். அடியில் குழி. குளோரைடு நோய்: உள்ளே தங்கிய குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே இருப்பது.

ஐயம் தீர ஒரு சிட்டிகைப் பொடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுக் கரைத்து, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு. பால் திரிந்தாற்போல வெண்மை வந்தால் குளோரைடு. குழாய்த் தண்ணீரில் கழுவிய தகடு எதற்கும் ‘ஆம்’ என்றே சொல்லும். காய்ச்சி வடித்த நீரில் கழுவி, பொடி இல்லாத வெற்றுத் தகட்டையும் பக்கத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கடற்கரைப் பொருள், உப்புக்காற்று என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். குழிகளை வரைபடத்தில் குறித்ததும் அந்த முடிவு உடைந்தது. ஆறு குழிகளும் ஈயப்பற்றுக்குக் கீழே, தாடைவரை ஒழுகிய ஒரே தடத்தில் இருந்தன. பற்றவைப்பவர்கள் உலோகத்தைச் சுத்தம் செய்யப் பூசுவது நவச்சாரம், அல்லது துத்தநாகத்தை உப்பமிலத்தில் கரைத்த திரவம். இரண்டுமே குளோரைடு. பற்றுப் போட்ட பிறகு கழுவாமல் விட்டதன் விலையைத் தாடை கொடுத்துக்கொண்டிருக்கிறது. கடலுக்கு இதில் பங்கில்லை.

விரிசல் எப்படி வந்தது என்பதும் பார்க்க வேண்டியதே. பித்தளைக்கு அம்மோனியா ஆகாது. ஆங்கில ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரைக் கொட்டில்களில் வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாக வெடித்தன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் தகட்டை இழுத்து வடித்தபோது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. அம்மோனியா கலந்த பாலிஷ் திரவங்களைத் தட்டுவேலை முகங்களில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். இந்த முகம் வார்ப்பு. உருப்பெருக்கியில் விரிசலின் ஓரங்கள் கிளை விடாமல் உருண்டு மழுங்கியிருந்தன. அச்சுக்குள் இரு பக்கமிருந்து ஓடிவந்த உலோகம் சந்திக்கும்போது ஆறிப்போய், ஒட்டாமல் விட்ட மடிப்பு. பிறவிக்குறை, இனி வளராது.

நாக்கைப் பிடித்திருந்த இரண்டு பித்தளை ஆணிகளில் ஒன்று போய், அங்கே இரும்புத் திருகு. பித்தளையோடு இரும்பு சேர்ந்தால் இரும்புதான் அழியும். துரு ஊதி, நாக்கின் துளையை நெருக்கிக்கொண்டிருந்தது.

குளியல் ஏன் வேண்டாம்

குளோரைடு நோய்க்குப் புத்தக மருந்து பென்சோட்ரையசோல்: எத்தனாலில் 3 சதவீதக் கரைசல், முழுப் பொருளையும் 24 மணி நேரம் முக்குவது. தோண்டியெடுத்த வெண்கலத்துக்கு அது பொருந்தும். இந்த முகத்தை முக்கினால் என்னென்ன போகும்?

நெற்றிப் பள்ளத்தில் சிவப்பு இருக்கிறது. மரபான குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தது. காரம்தான் மஞ்சளைச் சிவப்பாக்கி வைத்திருக்கிறது. மஞ்சளின் நிறப்பொருள் எத்தனாலில் கரையும், அசிட்டோனிலும் கரையும். புளித்தண்ணீர் பட்டால் சிவப்பு மஞ்சளாகத் திரும்பும். எண்ணெய்ச் சோப்பு இளகும், இழை உதிரும், அரிதாரத் துகள் தொட்டியின் அடியில் போய்ச் சேரும். பிறகு அந்தத் தொட்டியே நச்சுக் கழிவு. ஆறு குழிகளை ஆற்றுவதற்காக, இது அணிந்த முகம் என்பதற்கான எல்லாச் சான்றையும் கழுவி ஊற்ற வேண்டியிருக்கும்.

அடுக்குகளின் வரிசையும் கணக்கில் வேண்டும். உருப்பெருக்கியில் சிவப்பின் மேல் வெண்பொடி, வெண்பொடியின் மேல் வார்னிஷ். வெண்பொடி பாலிஷின் மிச்சம். குங்குமம் வழிபாட்டுக் காலத்தது, பாலிஷ் விற்பனைக் காலத்தது, வார்னிஷ் சேகரிப்பாளர் காலத்தது. எது அழுக்கு என்ற கேள்விக்கு இந்த வரிசைதான் பதில்: மேலிரண்டையும் எடுக்கலாம், அடியைத் தொடக் கூடாது.

செய்த வேலை

முகத்தைக் குப்புறக் கவிழ்க்காமல், பாலிஎதிலீன் நுரையில் வெட்டிய தொட்டிலில் பக்கவாட்டில் சாய்த்து வைத்தோம். மூக்கும் நாகபடமும் எடை தாங்கக் கூடாது என்பது ஒரு காரணம். தெய்வ முகம் மண்ணைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று.

வார்னிஷ் புற ஊதா ஒளியில் ஆரஞ்சாக ஒளிர்ந்தது: அரக்கு. எத்தனால் தோய்த்த சிறு பஞ்சுருளையால் ஒரு நேரத்தில் ஒரு சதுர செ.மீ. எடுத்தோம். சிவப்பைச் சுற்றி 1 செ.மீ. அகலத்துக்கு அரக்கை அப்படியே விட்டோம். அங்கே மட்டும் கொஞ்சம் மஞ்சளித்துத் தெரியும். அது குறையல்ல, எல்லைக்கோடு.

குழிகளுக்கு அந்தந்த இடத்தில் மட்டும் மருத்துவம். பொடியைக் கூரிய கத்தி முனையால் உருப்பெருக்கியின் கீழ் எடுத்து, அடியில் உள்ள சாம்பல்நிற மெழுகு போன்ற குளோரைடு தெரியும்வரை இறங்கி, வெள்ளி ஆக்சைடுத் தூளை எத்தனாலில் குழைத்துக் குழிக்குள் அழுத்துவது. வெள்ளி, குளோரைடைப் பிடித்துக் கரையாத வெள்ளிக் குளோரைடாகப் பூட்டிவிடும். பிறகு தாடையை மட்டும் பாலிதீன் கூடாரத்தால் மூடி, 80 சதவீத ஈரப்பதத்தில் 24 மணி நேரம். பச்சை தலைகாட்டினால் மறுபடி. நான்கு குழிகள் இரண்டாம் சுற்றில் அடங்கின, இரண்டுக்கு நான்கு சுற்று பிடித்தது. அவசரப்பட்டு முதல் சுற்றோடு மெழுகு பூசியிருந்தால் அந்த இரண்டும் மெழுகின் அடியில் தொடர்ந்து தின்றிருக்கும். குழி ஆறிய நிறம் கரும்பழுப்பு. அதன் மேல் நிறம் தீட்டவில்லை.

ஈயப்பற்றைப் பிரிக்கவில்லை. பிரிக்க வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் உட்புறப் பிசுக்கை உருக்கும். தெரியும் ஓரங்களில் மட்டும் வடிநீர் தோய்த்த பஞ்சால் துடைத்து, துடைத்த நீரை வெள்ளி நைட்ரேட்டில் சோதித்து, வெண்மை நின்ற பிறகு நிறுத்தினோம். இரும்புத் திருகு போய் நைலான் திருகு வந்தது. உலோகங்களுக்கு இடையே பாலியெஸ்டர் படல வட்டு. முன்பக்கத்தில் மட்டும் நுண்படிக மெழுகு மெல்லிய ஒரு பூச்சு. மெழுகின் கரைப்பான் வெள்ளை ஸ்பிரிட் எண்ணெய்ச் சோப்பைக் கரைக்கும் என்பதால் விளிம்புக்கு 5 மி.மீ. முன்பே தூரிகை நின்றது. உட்புறத்தில் செய்தது ஒன்றும் இல்லை: 42 படங்கள், மூன்று மாதிரிகள், அவ்வளவுதான்.

பளபளப்பு வரவில்லை. கேட்டவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும்.

தாளும் பெட்டியும்

துளுநாட்டில் தெய்வத்தின் முகம், வாள், மணி, நகை எல்லாம் சேர்ந்து ‘பண்டாரம்’. ஆட்டம் இல்லாத நாட்களில் பண்டார மனையில் பூட்டியிருக்கும். சிதைந்த முகத்துக்குப் பதில் புதியது வார்ப்பதுண்டு. பழையது உருக்கப்படலாம், விற்கப்படலாம். திருட்டும் உண்டு. ஆகவே தேய்ந்த துளைகள் ‘உண்மையான முகம்’ என்பதற்குச் சான்றுதான். நேர்மையாக வந்தது என்பதற்குச் சான்றல்ல. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த உலோகப் பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய முடியாது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 5-4-1976. அதற்கு முன்பும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டியிருந்தது. வெளிநாட்டுத் தொகுப்பில் உள்ள முகத்துக்கு, நாட்டை விட்டுப் போன நாளைக் காட்டும் தாள் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. என்றாவது இது திரும்பிப் போய் மறுபடி ஒருவர் முகத்தில் ஏறும் என்றால், உள்ளே ஆர்சனிக் இருப்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

பெட்டியின் ஈரப்பதம் 42 சதவீதத்துக்குக் கீழ். 55-ஐத் தாண்டினால் மிஞ்சிய குளோரைடு வேகமெடுக்கும். பெட்டி கால் கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்ற கணக்கில் 38 சதவீதத்துக்குப் பதப்படுத்திய சிலிக்கா ஜெல் 5 கிலோ. பெட்டிக்குள் ஒட்டுப்பலகையும் கம்பளித் துணியும் கூடாது: முன்னது விடும் அமில ஆவி பித்தளையில் உள்ள ஈயத் துளிகளைத் தின்னும், பின்னது விடும் கந்தகம் கறுக்க வைக்கும். உச்சியில் துளையிட்ட அந்த இரண்டு ஓட்டைகளில் மாட்டித் தொங்கவிடுவது கண்டிப்பாக இல்லை, 2.8 கிலோவும் இரண்டு புள்ளியில் நிற்கும். உள்வளைவுக்குத் தக்க வளைத்த, பாலியெஸ்டர் உறை போட்ட கம்பித் தாங்கி, பிசுக்குப் பட்டையைத் தொடாமல் மூன்று வெற்று இடங்களில் தாங்குகிறது. குழிகளின் படம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே கோணத்தில், ஒரே விளக்கில்.

பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி. நாகபடத்தையும் நாக்கையும் பார்த்துவிட்டு நகர்பவர், நெற்றிப் பட்டையையும் அறுந்து நீண்ட துளைகளையும் பார்க்காமல் போக முடியாது.

விளக்கின் ஒளி அளவு 50 லக்ஸ். உலோகப் பொருளுக்கு 300 லக்ஸ் கொடுத்துப் பழகிய காட்சிக்கூடத்தில் இந்த எண்ணை யாராவது தவறென்று நினைத்துக் கூட்டிவிடுவார்கள். ஆகவே விளக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி மேலேயே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: ‘நெற்றிக் குங்குமத்தில் மஞ்சள் இருக்கிறது, வெளுக்கும்.’